அடியில் இருந்த முகம்

“எழுபத்திரண்டு. அதுல அஞ்சு மூடியிருக்கு.”

காலையில் வந்ததும் பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் முதல் படத்தைத் திறந்து, மஜீதா அக்கா இப்படித்தான் ஆரம்பிப்பார். குரூப் போட்டோவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவர் எண்ணுவதில்லை. எத்தனை கண்கள், அவற்றில் எத்தனை மூடியிருக்கின்றன என்றுதான் எண்ணுவார். முப்பத்தாறு பேர் நின்றால் எழுபத்திரண்டு. அது எப்படி ஒற்றைப்படையில் ஐந்து என்று வேலைக்கு வந்த புதிதில் நான் குழம்பியிருக்கிறேன். “ஒருத்தர் ஒரு கண்ணை மட்டும் மூடியிருக்காரு புள்ள. பொண்ணோட சித்தப்பாவா இருக்கும். வெயில்ல நிக்க வச்சுட்டாங்க” என்றார். ஒன்பது வருடமாக இந்த எண்ணிக்கையைக் கேட்டுத்தான் எனக்குப் பொழுது தொடங்குகிறது.

ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் டோமினிக் அண்ணனின் ஸ்டூடியோ. அண்ணன் படம் எடுப்பார். பின்னால் உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து மஜீதா அக்கா அதைத் திருத்துவார். நான் பிரிண்டை வெட்டிக் கவரில் போடுவேன். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. வீடு பீமநகர். பாலக்கரையில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி வருவார், நானும் அதே பஸ்தான். பக்கத்து சீட்டில் முகப்பரு உள்ள பெண் யாராவது வந்து உட்கார்ந்தால், மடியில் கிடக்கும் அக்காவின் ஆள்காட்டி விரல் மவுஸைத் தட்டுவது போலத் தானாகத் தட்டத் தொடங்கும். நான் பார்ப்பது தெரிந்தால் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வார்.

வேலை செய்யும்போது திரையில் இருக்கிறவர்களோடு பேசிக்கொண்டே இருப்பார். “என்னங்க அண்ணே, மக கல்யாணத்துக்குக்கூடவா ஷேவ் பண்ணக் கூடாது?” “அம்மாடி, பவுடர் மூஞ்சி பூரா இருக்கு, காதை மட்டும் எதுக்கு விட்டீங்க?” இந்தப் பேச்செல்லாம் திரையோடு சரி. நேரில் ஆள் வந்தால் முன்னறைக்கு வரவே மாட்டார். வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் என்னிடம் சொல்லி அனுப்புவார். நான் அதைவிடக் கூச்சப்படுகிறவள். அதனால் சொல்ல வேண்டியது பாதி வழியிலேயே நின்றுபோகும்.

மூடிய கண்ணைத் திறப்பதில் திருச்சியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று டோமினிக் அண்ணன் சொல்வார். அதே ஆளின் வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து இங்கே பொருத்திவிடுவார். ஒட்டுத் தெரியாது. இந்தத் திறமையால் ஒருமுறை பெரிய வேடிக்கையும் ஆகியிருக்கிறது. சித்திரை வீதி மாமா ஒருவருக்குச் சதாபிஷேகம். ஆல்பம் போன மறுநாள் மாமி மாடியேறி வந்தார்.

“ஏண்டிம்மா மஜீதா, எங்காத்து மாமா தலையில கலச தீர்த்தம் கொட்டறது, அவரானா முட்ட முட்ட முழிச்சுண்டிருக்காரே! யாராவது ஜலத்துல கண்ணைத் திறப்பாளோ?”

உள்ளே இருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வரிசையாகத் திறந்துகொண்டே வந்தவர் தண்ணீரைக் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் மாமாவின் மூடிய கண்ணைத் திரும்ப வைத்துக் கொடுத்தார். எப்படி முடிந்தது என்றால், அக்கா எந்தப் படத்திலும் பழைய முகத்தை அழிப்பதில்லை. திருத்தம் எல்லாம் அதன்மேல் தனித்தனி லேயராக, ஒரு கண்ணாடித் தாளை மேலே வைத்து எழுதியது மாதிரி இருக்கும். தாளை எடுத்துவிட்டால் எடுத்தபடியே முகம் கீழே இருக்கும்.

“அடியில அவங்க மூஞ்சி அப்படியே கெடக்கணும் புள்ள. மேல என்ன வேணா பூசலாம். அடியில இருக்கறதை அழிக்க நமக்கு ரைட்ஸ் இல்ல” என்பார்.

இதனால் கம்ப்யூட்டரில் எப்போதும் இடம் இருக்காது. ஆல்பம் டெலிவரி ஆனதும் அச்சுக்குப் போன பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுவது டோமினிக் அண்ணனின் பழக்கம். “அக்கா, இது ஸ்டூடியோவா கோடவுனா? ஊர்ல உள்ளவன் பருவையெல்லாம் நாம எதுக்குக் காவல் காக்கணும்?” என்று சத்தம் போடுவார். அக்கா ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அதன்மேல் மார்க்கரில் ‘மிச்சம்’ என்று எழுதியிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை பகலில் பெலிண்டா வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

பெலிண்டா பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். கணவர் மார்ட்டின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. டோமினிக் அண்ணன் பிறந்து வளர்ந்தது பொன்மலை என்பதால் அந்தப் பக்கத்து மாதா கோவில் விசேஷங்களுக்கு இன்றும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெலிண்டாவின் மகள் ஆன்சிக்கு இருபத்தெட்டாம் நாள் ஞானஸ்நானம் நடந்தபோதும் அண்ணன்தான் எடுத்தார். முப்பது பக்க ஆல்பம். நான்தான் கவர் போட்டேன்.

அன்று குழந்தைக்கு நாலு மாதம். தோளில் போட்டு, முகத்தைத் துப்பட்டாவால் மூடி எடுத்து வந்தார். ஆல்பத்தை மேசையில் வைத்து ஒரு பக்கத்தைத் திறந்தார். ஞானத்தாயாக நின்ற பெண்ணின் கையில் வெள்ளை கவுனோடு குழந்தை.

“அண்ணே, இந்தப் படத்துல பாப்பாவோட மூஞ்சியை மட்டும் பெருசாப் போட்டுத் தரணும். டாக்டரம்மா கேக்கறாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் குடுக்கணும்.”

“எதுக்கு டாக்டருக்கு?” என்றார் டோமினிக் அண்ணன்.

பெலிண்டா துப்பட்டாவை விலக்கினார்.

குழந்தையின் இடது கண் முன்னால் தள்ளிக்கொண்டு, கீழ்நோக்கி இறங்கியிருந்தது. மேல் இமை உப்பி, தோல் இழுபட்டுப் பளபளவென்று இருந்தது. கழுத்தில் ஞானஸ்நானத்துக்குப் போட்ட சின்னத் தங்கச் சிலுவை. குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது. நான் வெட்டிக்கொண்டிருந்த பிரிண்ட் கோணலாகப் போயிற்று.

பெலிண்டா சொன்னது இதுதான். கண்குழிக்குள், கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி. பிறவியிலேயே இப்படிக் கட்டியோடு வரும் குழந்தைகள் ரொம்ப ரொம்ப அபூர்வமாம். ஸ்கேனில் தண்ணீர்ப் பை மாதிரியும் தெரிகிறது, சதை மாதிரியும் தெரிகிறது. கருவிலேயே உண்டாகி மெதுவாக வளர்ந்த பை என்றால், அதைக் குத்தாமல் கிள்ளாமல் முழுசாக எடுத்துவிடலாம், கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம். பிறந்தபோது ஒன்றுமில்லாமல் மூன்று மாதத்தில் இவ்வளவு வந்திருந்தால் அது பொல்லாத ஜாதி. முதலில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதிக்க வேண்டும், அப்புறம் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்.

“எங்க வீட்டுல ஞானஸ்நானம் ஆகற வரைக்கும் பிள்ளையை போட்டோ எடுக்க மாட்டாங்கண்ணே. அதனால மொத மாசத்துப் படம்னா இந்த ஆல்பம் மட்டும்தான். இதுல பாருங்க, ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கு. பொறந்தப்பவே லேசா வீக்கமா இருந்துச்சுன்னு நான் சொல்றேன். டாக்டரம்மா படத்தைக் காட்டி, ‘இல்லியேம்மா, நல்லாத்தானே இருக்கு’ங்கறாங்க.”

அவர் குரல் இறங்கியது.

“ஆல்பம் வந்தப்பவே எல்லாரும் என்னைத்தான் கேலி பண்ணாங்க. ‘போட்டோவைப் பாரு, வீக்கம் எங்க இருக்கு, நீயா எதையாவது நெனச்சுக்கிட்டு பயப்படற’ன்னாங்க. நானும் சரி, நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டேன்.”

உள்ளே மவுஸ் சத்தம் நின்றிருந்தது. கதவிடுக்கில் பார்த்தேன். அக்கா ஆல்பத்தின் அந்தப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தார். இரண்டு கண்களும் ஒன்றுபோல் இருந்தன. வலது கண்மணியில் கோவில் ஜன்னலின் வெளிச்சம் ஒரு சின்னப் பொட்டாக மூக்கை ஒட்டி நின்றது. இடது கண்ணிலும் அது மூக்கை ஒட்டியே நின்றது. ஜன்னல் இருந்ததோ ஒரே பக்கம்தான். வலது கண்ணை வெட்டி, கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி, இடப்பக்கம் ஒட்டினால் அப்படித்தான் வரும்.

யாரும் கேட்காமல் அவர் செய்த திருத்தம் அது. பொதுவாக இரண்டு நிமிட வேலை.

அக்கா எழுந்து முன்னறைக்கு வந்தார். அதுவரையிலான ஏழு வருடத்தில் வாடிக்கையாளர் இருக்கும்போது அவர் அந்தக் கதவைத் தாண்டி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

“தங்கச்சி, அந்த ஆல்பத்துல இருக்கற இடது கண்ணு உன் பிள்ளையோட இடது கண்ணு இல்ல. வலது கண்ணைத் திருப்பி நான் ஒட்டினது.”

பெலிண்டாவுக்கு உடனே பிடிபடவில்லை. “யாரு ஒட்டச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“மார்ட்டின் சொன்னாரா?”

“இல்லம்மா. நானாத்தான். பிள்ளை தூக்கக் கலக்கத்துல ஒரு கண்ணை ஒரு மாதிரி வச்சிருக்குன்னு நெனச்சேன். அஞ்சு படத்துல பண்ணியிருக்கேன்.”

டோமினிக் அண்ணன் குறுக்கே வந்தார். “அம்மா, இது எல்லா ஸ்டூடியோவுலயும் செய்யறதுதான். அழகா இருக்கட்டுமேன்னு…”

“நீங்க சும்மா இருங்கண்ணே” என்றார் அக்கா.

பெலிண்டா கத்தவில்லை. ஆல்பத்தை மூடினார். குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டார்: “என் பிள்ளை மூஞ்சில என்ன குறை கண்டீங்க நீங்க?”

அக்கா மூடிய ஆல்பத்தின் அட்டையைத் தொட்டார். “அடியில இருக்கும். நெசமான படம் இருக்கும். நான் எடுத்துத் தரேன்” என்றார்.

பெலிண்டா என் பக்கம் திரும்பினார். “எத்தனை மணிக்குத் தருவாங்கன்னு அவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க.” ஒரு முழம் தூரத்தில்தான் அக்கா நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து பெலிண்டா அவரிடம் நேராகப் பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

அக்கா ஆட்டோ பிடித்து பீமநகர் போய் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்தார். போட்டால் ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்ததே தவிர, திரையில் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினார். வேறு இடத்தில் செருகினார். “யா அல்லாஹ், ஊர்ல உள்ள பரு மருவெல்லாம் காப்பாத்தி வச்சேனே, இந்தப் பிள்ளையோடத மட்டும் விட்டுடாதே” என்று முணுமுணுத்தார். கடைசியில் கேபிளை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் அது வேலை செய்தது. நான் வளைத்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். விரல் மரத்துப்போயிற்று. விடவில்லை.

படம் திறந்தது. லேயருக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். ஒட்டிய கண் மறைந்தது. கீழே இருந்தது ஆன்சியின் முகம். இடது இமை லேசாக உப்பி, கண் ஒரு நூல் கீழே இறங்கி. இருபத்தெட்டாம் நாளிலேயே.

“இருக்கு” என்றார் அக்கா. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாத ஒரு குரல் அது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். “எனக்கு டாக்டர்னா நாக்கு ஒட்டிக்கும். நீ பக்கத்துல நில்லு போதும்.” என்னை நம்பி ஒருவர் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் பிரேமலதா அதிகம் பேசாதவர். முழுவதும் கேட்டுக்கொண்டார். டோமினிக் அண்ணனின் லேப்டாப்பில் அக்கா காட்டிய படத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“ஏம்மா, நேத்து வரைக்கும் நான் பாத்தது நீங்க செஞ்ச படம். இன்னிக்குக் காட்டறது செய்யாத படம்னு எப்படி நம்பறது? இந்தம்மா கேட்டாங்கன்னு இப்ப வீக்கத்தை வரைஞ்சு கொண்டு வந்திருக்கலாமே?”

பெலிண்டாவின் முகம் வெளுத்துவிட்டது. மார்ட்டின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா மட்டும் நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டார். நாக்கு ஒட்டவில்லை.

“நல்லா கேட்டீங்க டாக்டரம்மா. பொய் செய்யத் தெரிஞ்சவ நான். எது பொய் இல்லைன்னு காட்டவும் எனக்குத்தான் தெரியும். பாருங்க.”

வெளிச்சப் பொட்டிலிருந்து ஆரம்பித்தார். ஒட்டிய கண்ணில் ஜன்னல் எப்படித் தப்பான பக்கம் விழுகிறது, அடியில் இருக்கும் கண்ணில் எப்படிச் சரியாக விழுகிறது என்று காட்டினார். டோமினிக் அண்ணன் தொடர்ந்து எடுத்துத் தள்ளியிருந்த பதினொரு படங்களை அடுத்தடுத்துத் திறந்தார். குழந்தை அழுகிறது, கொட்டாவி விடுகிறது, தண்ணீர் ஊற்றியதும் முகத்தைச் சுளிக்கிறது. ஆல்பத்துக்கு ஆகாது என்று கழித்த படங்கள். ஒவ்வொன்றிலும் இடது கண் அதே அளவுக்கு இறங்கியிருந்தது. “ஒரு படத்துல வரைவேன். பதினோரு படத்துல, அழுகற கண்ணுல, சுளிக்கற கண்ணுல ஒரே மாதிரி என்னால வரைய முடியாதும்மா. யாராலயும் முடியாது.”

டாக்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “எவ்வளவு இறங்கியிருக்குன்னு அளவு தெரிஞ்சா நல்லா இருக்கும். படத்துல எப்படி அளக்கறது?”

“பிள்ளை கழுத்துச் சிலுவையைக் கழட்டிக் குடுக்கச் சொல்லு புள்ள” என்றார் அக்கா என்னிடம்.

பெலிண்டா கழற்றித் தந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தலை அளவு பார்க்க வைத்திருக்கும் ஸ்கேலைப் பையிலிருந்து எடுத்து அக்கா சிலுவையை அளந்தார். பதினாலு மில்லிமீட்டர். அதே சிலுவை ஞானஸ்நானப் படத்திலும் கழுத்தில் இருந்தது. படத்தில் சிலுவை எவ்வளவு, கண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விகிதம் பார்த்தார். அன்று இரண்டு மில்லிமீட்டர். ஞானஸ்நானத்துக்குப் பிறகு மார்ட்டின் போனில் எடுத்த படங்களையும் வாங்கினார். எல்லாவற்றிலும் அந்தச் சிலுவை இருந்தது. இரண்டாம் மாதம் மூன்று. மூன்றாம் மாதம் நாலு. இன்று டாக்டரே குழந்தையை அளந்தார். ஐந்து.

டாக்டர் நாலு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தார்.

“ஓடி வரலை” என்றார். “பொறந்ததுலேர்ந்து நடந்துதான் வந்திருக்கு.”

பிறகு ஸ்கேன் படத்தை மறுபடி விளக்கில் மாட்டினார். போட்டோவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, ரத்தப் பரிசோதனையும் வர வேண்டும், இன்னொரு டாக்டரிடமும் கேட்கிறேன் என்றார். ஆனால் திங்கட்கிழமை துண்டு வெட்டுவதாக இருந்ததை அப்போதே அடித்துவிட்டார். “அதை நான் குத்தியிருந்தா உள்ள இருக்கறது சிந்தியிருக்கும். அப்புறம் முழுசா எடுக்கறது கஷ்டம்” என்று பெலிண்டாவிடம் சொன்னார். சொல்லும்போது பார்த்தது என்னவோ மஜீதா அக்காவைத்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆபரேஷன் நடந்தது. அன்று அக்கா நோன்பு வைத்திருந்தார். லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி தாழ்வாரத்தின் கடைசி பெஞ்சில், பெலிண்டாவின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எச்சிலைக்கூட விழுங்கவில்லை. நான் ஸ்டூடியோவை முடித்துவிட்டு சாயங்காலம் போனேன். அதே பெஞ்சில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நாலரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் பிரேமலதா வெளியே வந்து மார்ட்டினிடம் சொன்னார்: பையைக் குத்தாமல், ஓட்டை உடைசல் இல்லாமல் முழுசாக எடுத்தாயிற்று. இமை மடிப்புக்குள்தான் கீறல். கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பார்த்தவரை நல்ல ஜாதிக் கட்டிதான். எட்டு நாளில் லேப் காகிதமும் அதையே சொன்னது.

மார்ட்டின் சுவரில் தலையை வைத்துக்கொண்டு விசும்பினார். பெலிண்டா தாழ்வாரம் முழுக்க நடந்து அந்தக் கடைசி பெஞ்சுக்கு வந்தார். அப்போது நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு கேட்டது. அக்கா பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். பெலிண்டாவின் கையில் கேன்டீன் பன் ஒன்று இருந்தது. அதைப் பிய்த்து நேராக அக்காவிடம் நீட்டினார்.

“அதுக்குள்ள முடி இருந்துச்சாம்க்கா. பாப்பா தலைமுடி மாதிரியே. இந்த ஜாதிக் கட்டியில அப்படி இருக்குமாம். டாக்டரம்மா வெட்டிக் காட்டினாங்க.”

பதினாலு நாளில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அக்கா பன்னை வாங்கினார். “கறுப்பாவா இருந்துச்சு?” என்று கேட்டார். “இல்லக்கா, செம்பட்டை” என்றார் பெலிண்டா. இரண்டு பேரும் அந்தக் கட்டியில் இருந்த முடியைப் பற்றி ரொம்ப நேரம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஜடையைப் பற்றிப் பேசுவது மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் ஒரு சட்டம் வந்தது. போட்டது அக்கா, ஒத்துக்கொண்டது டோமினிக் அண்ணன். கைக்குழந்தைகளின் கண்ணைத் தொடுவதில்லை. அது மட்டுமில்லை. ஒரு கண் பெரிதாகவோ, இறங்கியோ, மணி வெளுத்தோ தெரிந்தால் அக்கா எழுந்து முன்னறைக்கு வந்துவிடுவார். “கோச்சுக்காதீங்கம்மா. ஒரே ஒரு தடவை கண் டாக்டர்கிட்டக் காட்டிடுங்க” என்பார். உறையூரிலிருந்து வந்த ஒருவர், “போட்டோ எடுக்க வந்தா நோய் சொல்றீங்க, நல்ல கடை இது” என்று திட்டிவிட்டுப் போனார். அவர் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று அப்புறம் தெரிந்தது. கே.கே. நகர் குழந்தை ஒன்றுக்கு இமைக்குள் ரத்தநாளக் கட்டி இருந்தது. சீக்கிரம் வந்ததால் மருந்திலேயே சுருங்கிவிட்டதாம். அந்தத் தாய் ஒரு கிலோ அல்வா கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்றைக்குச் சொன்ன அந்த அக்கா எங்கே என்று கேட்டார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“பாராட்ட வந்தா ஓடறீங்க, திட்ட வந்தா முன்னாடி நிக்கறீங்க. என்ன ஜென்மங்க்கா நீங்க?” என்றார் டோமினிக் அண்ணன்.

“திட்டறவங்ககிட்டப் பேசறதுக்கு விஷயம் இருக்குண்ணே” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஆன்சிக்கு இப்போது இரண்டு வயது ஐந்து மாதம். கண் அதன் இடத்தில் இருக்கிறது. இடது இமை வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்கள், கட்டி திரும்பவில்லை. அழுந்திக் கிடந்த கண் என்பதால் அதற்கு வேலை கொடுத்துப் பழக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடி, சின்னச் சின்னப் பொருள்களை எடுக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒட்டினால் பிய்த்து எறிகிறாள். அதனால் சனிக்கிழமைகளில் பெலிண்டா அவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்.

போன சனிக்கிழமை அக்கா தரையில் பின்னணிக்குக் கட்டும் கறுப்புத் துணியை விரித்து, சீரக மிட்டாயை இறைத்தார். வலது கண்ணில் ஒட்டோடு ஆன்சி குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விரல் நுனியில் எடுத்து வாயில் போட்டாள். ரோஸ், மஞ்சள், வெள்ளை. ஒன்றையும் விடவில்லை. கடுகு அளவுக்கு உடைந்து கிடந்த துணுக்கைக்கூட எடுத்தாள். துணி காலியானதும் நிமிர்ந்து, எதிரே குனிந்திருந்த அக்காவின் முகத்தை இடது கண்ணால் உற்றுப் பார்த்தாள்.

அக்காவின் தாடைக்கு அடியில் ஒரு சின்ன மரு இருக்கிறது. ஒன்பது வருடம் பக்கத்திலேயே இருந்தும் நான் கண்டதில்லை. ஆன்சி கையை நீட்டி, மிட்டாய் என்று நினைத்து அதைக் கிள்ளி எடுக்கப் பார்த்தாள்.

“அடி கழுதை, அது என்னோடது!” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, அவளுக்கு எட்டுகிற மாதிரித் தாடையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.